பனிமலைக்குப் போன திருப்பூர் ஜாக்கெட்

குளிருதுங்களா தம்பி? காட்பாடி தாண்டுனதுலருந்து பாக்கறேன், ரெண்டு கையையும் கக்கத்துல சொருகிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. இந்த ஏசி பொட்டில இந்த சீட்டு அப்படித்தானுங்க, நேரா உச்சந்தலைலதான் ஊதும். இருங்க, பைக்குள்ள ஒண்ணு வெச்சிருக்கேன். இந்தாங்க, இதைப் போட்டுக்குங்க.

அட, கூச்சப்படாதீங்க. புதுசுதான். நந்தம்பாக்கத்துல எக்சிபிசன் நடந்துச்சுங்க, எங்க கம்பெனி ஸ்டாலுக்குக் கொண்டு வந்த சாம்பிள். மூணு நாளா பொம்மை மேல மாட்டி வெச்சிருந்தோம், இப்ப ஊருக்குத் திருப்பிக் கொண்டு போறேன். ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுக்காதீங்க, பாதியில நிறுத்துங்க. ஆங், அவ்வளவுதான். ரெண்டு நிமிசம் பொறுங்க, சூடு தெரியும்.

உள்ள என்ன இருக்குதுன்னு நெனைக்கறீங்க? பஞ்சா? இல்லீங்க. ஆட்டு ரோமம். நெசமாத்தான் சொல்றேன். செம்மறியாட்டு ரோமத்தைச் சுத்தம் பண்ணி, மெத்தையாட்டம் தாள் தாளா ஆக்கி, ரெண்டு துணிக்கு நடுவுல வெச்சுத் தெச்சது. பனிமலையில ரெண்டு பலகையைக் கால்ல கட்டிக்கிட்டு வழுக்கிட்டுப் போறாங்க பாருங்க, அவங்களுக்குன்னு தெச்ச ஜாக்கெட்டு. அதைத் தெச்சது திருப்பூருங்க. கை வெச்ச பனியனும் கை வெக்காத பனியனும் தெச்சுக்கிட்டிருந்த ஊரு, இன்னைக்குப் பனிக்கு ஜாக்கெட்டு தெக்குது.

என்ற பேரு நாச்சிமுத்து. தாராபுரம் பக்கம். முப்பத்தொரு வருசமா ஒரே கம்பெனில சாம்பிள் மாஸ்டர். சாம்பிள் மாஸ்டர்னா, சரக்கு வாங்கற பையர் படத்தைக் குடுப்பான், அதைப் பாத்து மொத உருப்படி தெச்சுக் காட்டறது நான். அதை அவன் ஒத்துக்கிட்டாத்தான் மத்த லட்சம் உருப்படியும் ஓடும். அத்தனை பெரிய வேலைங்க அது. ஆனா இந்த ஜாக்கெட்டோட கழுத்து லேபிள்ல ஒரு பொம்பளைப் பேரு போட்டிருக்குது. மரகதம்னு. என்ற பேரு எங்கயும் இல்லை. உங்க முன்னால சொல்றதுக்கு என்னங்க, மனசுல ஒரு சின்னக் கொறை இருக்கத்தான் செய்யுது. நீங்களே கேட்டுட்டு நாயத்தைச் சொல்லுங்க.

போன வருசம் ஐப்பசி மாசம் நார்வேலருந்து ஒரு பையரம்மா வந்தாங்க. சிக்ரிட்னு பேரு. அம்பது வயசு இருக்கும், ஆனா படியில மேல ஏறும்போது எங்க செக்கிங் புள்ளைங்க மூச்சு வாங்கும், அந்தம்மா சிரிச்சுக்கிட்டே ஏறுவாங்க. சின்ன வயசுலருந்து பனிச்சறுக்குதான் வேலையாம். எங்க மொதலாளி சென்னியப்பன் அவங்க சொல்றதை எங்களுக்குத் தமிழ்ல சொன்னாரு. பனியில மேல ஏறும்போது வேர்த்து ஊத்துமாம், கீழ வழுக்கி வரும்போது அந்த வேர்வையே ஐசாட்டம் ஆயிருமாம். பிளாஸ்டிக் பஞ்சு வெச்ச ஜாக்கெட்டு நனைஞ்சா உள்ளாற சொதசொதன்னு இருக்கும். ஆட்டு ரோமம் நனைஞ்சாலும் சூடு விடாது. அதனால அதை வெச்சுத் தெச்சுக் குடுங்கன்னு கேட்டாங்க.

மொதலாளி என்னைப் பாத்தாரு. நான் சிரிச்சனுங்க. "மெத்தை தெக்கற வேலை. ஒரு வாரம் குடுங்க"ன்னு சொல்லிட்டேன்.

நான் என்ன பண்ணுனேன்? டைமண்டு தையல் போட்டேன். மெத்தையில பாத்திருப்பீங்களே, சாய்வாச் சாய்வாக் கட்டம் கட்டமா. மேல் துணி, ரோமம், உள் துணி, மூணையும் சேத்துப் புடிச்சு ஒரே தையல். ஒரு கட்டம் இம்மி பிசகலைங்க. அதை மாட்டி வெச்சப்ப கம்பெனில வேலை செஞ்ச அத்தனை பேரும் வந்து பாத்துட்டுப் போனாங்க. அப்படி ஒரு அழகு.

எங்க சாம்பிள் ரூம்ல மொத்தம் நாலு மெஷின். என்ற மெஷினுக்கு எதுத்தாப்பல மரகதம். பதினோரு வருசமா எனக்குக் கீழ வேலை. நாப்பத்திரண்டு, நாப்பத்திமூணு வயசு இருக்கும். பேசவே பேசாது. பேசுனாலும் வேலையப் பத்தித்தான் பேசும். நெம்ப நிதானம். ஒரு கையைத் தெக்கறதுக்கு முன்னால துணியை அப்படிப் புரட்டி இப்படிப் புரட்டி, பத்து நிமிசம் சும்மா பாத்துக்கிட்டே உக்காந்திருக்கும். நான் எத்தனையோ தரம் சொல்லியிருக்கேன், "ஏம்மணி, துணி என்ன உன்கிட்டப் பேசுதா?"ன்னு. சிரிச்சுக்கும்.

அது அன்னைக்கு என்ற ஜாக்கெட்டைத் தடவிப் பாத்துட்டு, "மாஸ்டர், தையல் போற எடத்துல ரோமம் நசுங்கிப் போகுதுங்களே. அந்தக் கோடு வழியாக் குளிர் உள்ள பூருமுங்களே"ன்னுச்சு.

பாருங்க தம்பி, திருப்பூருல உக்காந்துக்கிட்டு எனக்குக் குளிரைப் பத்திச் சொல்லுது! நான் சொன்னேன், "அம்மணி, நீ பனியைப் பாத்திருக்கியா? நானும் பாத்ததில்லை. ஆனா நான் முப்பது வருசமாத் தெச்சிருக்கேன்"ன்னு. அது தலையை ஆட்டிட்டுப் போயிருச்சு. நான் சொன்னது புரிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்.

ஒரு மாசம் கழிச்சு அந்த சிக்ரிட்டம்மா திரும்ப வந்தாங்க. என்ற டைமண்டு ஜாக்கெட்டைக் கையில வாங்கி, வெளிச்சத்துல புடிச்சு, அமுக்கி, மோந்து கூடப் பாத்தாங்க. நல்லா இருக்குதுன்னு சொன்னாங்க. ஆனா மூஞ்சில என்னமோ பத்தலை. அப்பறம் திடீர்னு என்னைப் பாத்து இங்கிலீஸ்ல என்னமோ சொன்னாங்க. மொதலாளி, "மாஸ்டர், சித்தெ எந்திரிங்க"ன்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கலை. எந்திரிச்சேன்.

ஸ்டூல் மேல நான் உக்காந்திருந்ததை எடுத்தாங்க. அது மரகதம் தெச்சது. சாப்பாட்டு நேரத்துல, வெட்டி மிஞ்சின துணியையும் ரோமத்தையும் வெச்சு, பாதி செவப்பு பாதி ஊதான்னு ஒட்டுப் போட்டு ஒரு ஜாக்கெட்டு தெச்சு என்ற மேசை மேல வெச்சிருந்துச்சு. "பாருங்க மாஸ்டர்"ன்னுச்சு. நானும் பாத்தேன். கலரே சரியில்லை. சரின்னு மடிச்சு ஸ்டூல்ல போட்டு உக்காந்துட்டேன். ஆனா ஒண்ணு சொல்லோணும், மூணு வாரமா எனக்கு முதுகு வலியே இல்லைங்க. நெம்ப சொகம்.

அந்தம்மா அதைத் திருப்பிப் பாத்தாங்க. பாத்தாங்க, பாத்துக்கிட்டே இருந்தாங்க. அதுல மேல் துணியில ஒரு தையல் கூட இல்லை. ரோமத்தை உள் துணியோட மட்டும் புடிச்சுத் தெச்சிருந்துச்சு. மேல் துணி தனியாச் சும்மா கெடந்துச்சு. ரோமமும் எல்லா எடத்துலயும் ஒண்ணுபோல இல்லை. நெஞ்சுல ரெண்டு தாளு, இடுப்புக்குப் பின்னால ரெண்டு தாளு, கக்கத்துல ஒண்ணுமே இல்லை. நான் மொதலாளிகிட்டச் சொன்னேன், "பாருங்க, கக்கத்துக்கு ரோமம் வெக்க மறந்துருச்சு"ன்னு. அவரு அதை அந்தம்மாகிட்டச் சொல்லலைங்க, ஏன்னு தெரியலை.

அந்தம்மா மரகதத்தைக் கூப்புட்டுக் கையைப் புடிச்சுக் குலுக்குனாங்க. அப்பறம் சொன்னாங்களாம், மாசி மாசம் மணாலிப் பக்கத்துல சோலாங்குன்னு ஒரு எடத்துல, பனியில பத்து நாளு இந்த ஜாக்கெட்டையெல்லாம் போட்டுப் பாக்கப் போறோம், தெச்சவங்க ரெண்டு பேரும் வரோணும்னு. தெக்கறவங்க பனியைக் கண்ணால பாக்கோணுமாம்.

நான் உடனே சரின்னுட்டேன். எனக்குத் தெரியும், அவங்க கூப்புட்டது என்னையத்தான். மரகதத்தைக் கூட ஒரு மரியாதைக்குக் கூப்புட்டிருப்பாங்க.

டெல்லி வரைக்கும் பிளேன், அப்பறம் பஸ்ஸு. மரகதம் ஒரு பெரிய தூக்குல புளிச்சோறு கட்டிக்கிட்டு வந்துச்சு. பிளேன்ல ஜன்னல் சீட்டு அதுக்குத்தான் வந்துச்சு, எனக்குக் குடுன்னு கேட்டேன், குடுத்துருச்சு. மேகத்தைப் பாத்துட்டு, "பாத்தியா அம்மணி, வெட்டாத ரோமம் கணக்கா இருக்குது"ன்னு நான் அதுக்கு ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டே போனேன்.

மணாலியில எறங்குனதும் மூக்கு இருக்குதா இல்லையான்னு தொட்டுப் பாக்கற மாதிரி ஒரு குளிருங்க தம்பி. சுத்தியும் வெள்ளை. வூட்டுக் கூரை வெள்ளை, மரம் வெள்ளை, கார் வெள்ளை. நான் சட்டைக்கு மேல சொட்டரு, அதுக்கு மேல என்ற டைமண்டு ஜாக்கெட்டு. மரகதம் சேலைக்குள்ள ஆம்பளை பேண்ட்டு, மேல சொட்டரு, அதுக்கு மேல அது தெச்ச செவப்பும் ஊதாவும். கோயில் தேரு கணக்கா இருக்குதுன்னு நான் சொல்லிச் சிரிச்சேன். அதுவும் சிரிச்சுச்சு.

அங்க தீக்கம் ராம்னு ஒரு ஆளு, எங்களுக்கு வழிகாட்டி. அந்த ஊருக்காரரு, மலையிலயே பொறந்து வளந்தவரு. அவரு இந்தியில பேசுனதும் மரகதம் படபடன்னு இந்தியில பதில் சொல்லுதுங்க! நான் அப்படியே நின்னுட்டேன். பதினோரு வருசம் என்ற எதுக்க உக்காந்திருக்குது, இந்தி தெரியும்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை. சரி, நல்லதாப் போச்சு, நமக்கு ஒரு மொழிபெயர்ப்பு ஆச்சுன்னு விட்டுட்டேன்.

மூணாவது நாளுங்க. காலையில நல்ல வெயிலு. ரோப் கார்ங்கற கம்பி வண்டியில மேல போனோம், தீக்கம் ராமும் நாங்க ரெண்டு பேரும். சிக்ரிட்டம்மாவும் அவங்க ஆளுங்களும் மலை மேலருந்து வழுக்கி வருவாங்க, நாங்க ஒரு எடத்துல நின்னு பாக்கோணும். தீக்கம் ராம் ஒரு குச்சியை நட்டு, இதைத் தாண்டாதீங்கன்னு சொன்னாரு. மரகதம் அதை எனக்குத் தமிழ்ல சொல்லுச்சு. ரெண்டு தரம் சொல்லுச்சு.

ஆனா தம்பி, நம்ம தொழில் இருக்குதே. அந்தம்மா குனிஞ்சு வளைஞ்சு வரும்போது ஜாக்கெட்டு முதுகுல எந்த எடத்துல சுருக்கம் விழுதுன்னு பாக்கோணும். குச்சிக்கு இந்தப் பக்கம் நின்னா முன்பக்கம்தான் தெரியுது. ஒரு நாப்பதடி நடந்தாப் போதும். சரி, ஒரு அறுபதடி. ஏறுனேன். நல்லா வேர்த்துச்சு. ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டேன், எதுக்குன்னா படம் புடிச்சா ஜாக்கெட்டு ஒழுங்காத் தெரியோணுமில்லைங்களா?

அப்பத்தான் கால் உள்ளாற போச்சு. பனி மேல பாத்தா மாவு தட்டி வெச்ச மாதிரி சமமா இருக்குது, உள்ள ஒண்ணுமே இல்லை. இடுப்பு வரைக்கும் போயிட்டேன். வலது கணுக்கால் "மடக்"குன்னுச்சு. நான் கத்துனதுல மலையே எதிரொலிச்சிருக்கும்.

தீக்கம் ராமும் மரகதமும் வந்து இழுத்து வெளிய போட்டாங்க. காலை ஊன முடியலை. பக்கத்துல ஆடு மேய்க்கறவங்க கட்டுன கல்லுச் சுவரு ஒண்ணு பாதி பனிக்கு மேல தெரிஞ்சுது, கூரை கெடையாது. அதுக்குப் பின்னால என்னைக் கொண்டு போய் உக்கார வெச்சாங்க. அதுக்குள்ளாற மலை காணாமப் போச்சுங்க. நெசமாத்தான். அஞ்சு நிமிசத்துக்கு முன்னால வெயில் அடிச்ச எடம், இப்ப எதுக்க நிக்கற ஆளு மூஞ்சி தெரியலை. மேலருந்து மட்டுமா, பக்கத்துலருந்தும் பனி அடிக்குது. தீக்கம் ராம் வாக்கி டாக்கியில பேசுனாரு. காத்து அதிகமாம், கம்பி வண்டியை நிறுத்திட்டாங்களாம், காத்து கொறைஞ்சதும் இழுத்துட்டுப் போற கட்டிலைக் கொண்டுக்கிட்டு ஆளுங்க வருவாங்களாம். அப்ப மத்தியானம் ஒரு மணி.

சும்மா உக்காந்தேன். வேர்த்திருந்தது ஐசாப் போச்சு. அப்பறம் ஒண்ணு நடந்துச்சு தம்பி, அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். என்ற முதுகுல குளிர் கோடு கோடா ஏறுச்சு. சாய்வா ஒரு கோடு, அதுக்கு எதிர்ச் சாய்வா ஒரு கோடு. கட்டம் கட்டமா. நான் போட்ட டைமண்டு ஒவ்வொண்ணையும் கண்ணை மூடிக்கிட்டு முதுகுலயே எண்ணலாமுங்க. ரோமமெல்லாம் கட்டத்துக்கு அடியில போய் உருண்டு உக்காந்துருச்சு, மேல் பாதி வெறும் துணி. பல்லு அடிச்சுக்குது.

மரகதம் என்ற மூஞ்சியைப் பாத்துட்டு, "மாஸ்டர், கழட்டுங்க"ன்னுச்சு.

"என்னத்தை அம்மணி?"

"ஜாக்கெட்டைக் கழட்டுங்க. இதைப் போடுங்க." அது அதோட ஜாக்கெட்டைக் கழட்டிக்கிட்டே சொல்லுது.

"ஏம்மணி, ஆராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க?"

"இங்க ஆருங்க பாக்கறது, கரடியா?" அப்படி ஒரு அதட்டலுங்க. பதினோரு வருசத்துல அந்தக் கொரலை நான் கேட்டதே இல்லை. நனைஞ்ச சொட்டரையும் சட்டையையும் உருவிப் போட்டுட்டு, தீக்கம் ராம் பையிலருந்த காஞ்ச பனியனை மாட்டிவிட்டு, அதுக்கு மேல அதோட ஜாக்கெட்டை எனக்குப் போட்டுச்சு. ஜிப்பைப் பாதியில நிறுத்துச்சு. என்ற டைமண்டை அது சொட்டருக்கு மேல போட்டுக்குச்சு.

தம்பி, நான் பொய் சொல்ல மாட்டேன். அஞ்சு நிமிசம். அஞ்சே நிமிசத்துல நெஞ்சுல சூடு ஏறுச்சு. இடுப்புக்குப் பின்னால, குனிஞ்சா சட்டை தூக்கிக்கும் பாருங்க, அங்க ஒரு கை வெச்சுத் தாங்குன மாதிரி இருந்துச்சு. கக்கம் சும்மா கெடந்ததால புழுக்கமே இல்லை.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டேன்.

"பெருந்துறையில ஐஸ்கிரீம் கம்பெனில நாலு வருசம் இருந்தனுங்க மாஸ்டர். குளிர் ரூமுக்குள்ள பொட்டி அடுக்கற வேலை. மைனஸ் இருவது. கூட வேலை செஞ்சதெல்லாம் பீகார்ப் பொம்பளைங்க, இந்தியும் அங்கதான் வந்துச்சு. குளிர் எங்க பூரும், எங்க பூராதுன்னு ஒடம்புக்கே தெரிஞ்சிருமுங்க."

"என்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

அதுவும் நாயந்தான். அது சொன்னா நான் கேட்டிருப்பேன். சரி விடுங்க.

அப்பறம் எனக்குத் தூக்கமா வந்துச்சு. வலி கூடத் தெரியலை. சொகமாக் கண்ணு சொக்குது. அப்பத்தான் மரகதம் பக்கத்துல வந்து, "மாஸ்டர், காலரை எப்படி ஒக்கார வெக்கறீங்க? உங்களாட்டம் எனக்கு வரமாட்டேங்குது, சொல்லுங்க"ன்னுச்சு.

பாருங்க, அந்தப் பனியில, அந்தக் காத்துல, அதுக்கு என்ன ஆசைன்னு பாருங்க! தொழில் கத்துக்கோணும்னு. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. சொன்னேன். காலருக்கு உள்ள வெக்கற கேன்வாஸ் துணியைச் சாய்வா வெட்டோணும்ங்கறதுலருந்து ஆரம்பிச்சேன். நடுவுல கண்ணு மூடுனா, "அப்பறம் மாஸ்டர்? முனையைத் திருப்பறது எப்படி?"ங்குது. ஒரு தரம் நான் கொஞ்சம் நிறுத்திட்டேன், கன்னத்துல பளார்னு ஒண்ணு வெச்சுச்சு. பனி ஒட்டியிருந்துச்சாம், தட்டி விட்டுச்சாம். நல்ல புள்ள, கண்ணு எல்லா எடத்துலயும் இருக்கும். தீக்கம் ராமுக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது, அவரு கூட நான் நிறுத்துனா, "போலோ, போலோ"ங்கறாரு. பேசு, பேசுன்னு அர்த்தமாம். காலரு விசயம் அவருக்கும் அத்தனை புடிச்சுப் போச்சு.

மரகதம் கேக்கும்போது உக்காரவே இல்லைங்க. நின்ன எடத்துலயே காலை மாத்தி மாத்தி மிதிச்சுக்கிட்டு, கையைக் கக்கத்துல வெச்சுக்கிட்டுக் கேட்டுச்சு. ஒதடு ஊதா கலராப் போயிருந்துச்சு. மரியாதைன்னா அது மரியாதை. காலரு முடிஞ்சு கஃப்பு, கஃப்பு முடிஞ்சு பாக்கெட்டு, பாக்கெட்டு முடிஞ்சு நான் சின்ன வயசுல தெச்ச மொத டவுசரு வரைக்கும் சொன்னேன். மூணு மணி நேரம். என்ற சம்சாரம் கூட என்னை அத்தனை நேரம் பேச விட்டதில்லை.

நாலு மணிக்குக் காத்து அடங்குச்சு. ஆளுங்க வந்தாங்க. மொதல்ல வந்தது சிக்ரிட்டம்மா. என்னையக் கட்டில்ல வெச்சுக் கட்டும்போது திரும்பிப் பாக்கறேன், மரகதம் அப்பத்தான் கீழ உக்காருது. உக்காந்தது எந்திரிக்கலை. நாலு பேரு சேந்து அதைத் தூக்குனாங்க. "அதை மொதல்ல கொண்டு போங்க, அதை மொதல்ல கொண்டு போங்க"ன்னு நான் கத்துனது எனக்கே கேட்டுச்சு. தமிழ்ல கத்துனேன், ஆனா அவங்களுக்குப் புரிஞ்சுது. அதைத்தான் மொதல்ல கொண்டு போனாங்க.

ரெண்டு நாளு ஆசுபத்திரி. மரகதத்துக்குக் கை வெரலு நாலுல உணர்ச்சி இல்லைன்னாங்க. நான் என்ற கட்டில்ல உக்காந்துக்கிட்டு மூணு வேளையும் நர்சம்மாகிட்ட ஒரே கேள்வி, வெரலு என்னாச்சு, வெரலு என்னாச்சு. தெக்கறவளுக்கு வெரலு போனா எல்லாம் போச்சே தம்பி. அவங்க என்ற கால் வெரலைக் கேக்கறேன்னு நெனச்சு, நல்லா இருக்குது, நல்லா இருக்குதுங்கறாங்க. மூணாம் நாளு காலையில மரகதம் கையில ஒரு டீ கிளாசோட நடந்து வந்துச்சு. அஞ்சு வெரலும் மூடித் தொறக்குது. "சூடு தெரியுதுங்க மாஸ்டர்"ன்னுச்சு. நான் மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டேன். அந்த ரூம்ல தூசி.

அன்னைக்கு சிக்ரிட்டம்மா ரெண்டு ஜாக்கெட்டையும் கொண்டாந்து என்ற கட்டில் மேல போட்டாங்க. உங்களுக்கு எங்கெங்க குளிருச்சுன்னு கேட்டாங்க. நான் சாக்பீஸ் இருக்குதான்னு கேட்டேன். நம்ம பையில எப்பவும் டெய்லர் சாக்பீஸ் இருக்குமுங்க, மரகதம் எடுத்துக் குடுத்துச்சு. என்ற டைமண்டு ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டு, குளிர் பூந்த எடமெல்லாம் நானே கோடு போட்டேன். ஒவ்வொரு கோடும் என்ற தையல் மேலயேதான் போச்சு. முழு முதுகும் போட்டேன், ஒண்ணு விடலை. தொழில்ல பொய் சொன்னா அடுத்தவன் ஒடம்புல குளிரும். அந்தம்மா என்ற தோளை மட்டும் தட்டிட்டு எந்திரிச்சுப் போனாங்க.

ஊருக்கு வந்தோம். ஆர்டரு வந்துருச்சு, மரகதம் போட்ட மாதிரியே தெச்சுக் குடுங்கன்னு. கூட ஒரு பாரம், பேரு எழுதி அனுப்பற தாளு, வந்துச்சு. அந்தக் கம்பெனில ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் அதை உருவாக்குனவங்க பேரை வெப்பாங்களாம். லேபிள்லயும் போடுவாங்களாம். யாரு பேரோ அவங்கதான் இனி அந்த ஜாக்கெட்டு செக்சனுக்கு மாஸ்டர்.

மொதலாளி என்னைத் தனியாக் கூப்புட்டாரு. கண்ணாடி ரூம்தான், வெளிய சாம்பிள் ரூம் தெரியும். "மாஸ்டர், ஒட்டுத் துணியில தெச்சது மரகதம்தான். ஆனா அது உங்ககிட்டக் கத்துக்கிட்டதுதான? முப்பத்தொரு வருசம் நீங்கதான் மாஸ்டர். உங்க பேரே போட்டறலாமா? அந்தம்மாவுக்கு நான் சொல்லிக்கறேன். மரகதமும் ஒண்ணும் சொல்லாது"ன்னாரு.

அது நெசந்தான். அது ஒண்ணும் சொல்லாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து, வழக்கம்போல ஒரு துணியைப் புரட்டிப் புரட்டிப் பாத்துக்கிட்டிருந்துச்சு. தலையைக் கூடத் தூக்கலை.

நான் பேனாவை வாங்குனேன். மரகதம்னு இங்கிலீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்.

ஏன்னு கேக்கறீங்களா? மரகதமும் இதையேதான் கேட்டுச்சு. லேபிள் கட்டு வந்த அன்னைக்கு அதைப் பிரிச்சு, ஒரு லேபிளை எடுத்து ரெண்டு மூணு தரம் படிச்சுட்டு, என்ற முன்னால வந்து நின்னு, "ஏனுங்க மாஸ்டர்?"னுச்சு. கண்ணெல்லாம் தண்ணி. எனக்கு இந்த அழுகாச்சியெல்லாம் ஆகாது. உள்ளதைச் சொல்லிட்டேன். "ஒண்ணுமில்லை அம்மணி, அந்த பாரத்துல பேரு எழுதற எடம் இத்தனூண்டு. நாச்சிமுத்துங்கறது இங்கிலீஸ்ல நெம்ப நீளம், உள்ளாற அடங்கலை. உன்ற பேரு சின்னது, அடங்கிப் போச்சு"ன்னேன். அதுக்குப் போயி அது அழுதுக்கிட்டே சிரிக்குது, சிரிச்சுக்கிட்டே அழுகுது. பொம்பளைங்க மனசு நமக்கு எங்கீங்க புரியுது.

இப்ப அந்த செக்சனுக்கு அதுதான் மாஸ்டர். காலரு மட்டும் நான். காலரு எப்படி ஒக்காந்திருக்குது, சொல்லுங்க? அதுல நான்தான். வேற ஆரையும் தொட விட மாட்டேன்னு மரகதமே சொல்லிருச்சு. எக்சிபிசனுக்குக் கூட, "நல்லாப் பேசறது நீங்கதானுங்க மாஸ்டர், நீங்க போங்க"ன்னு என்னையத்தான் அனுப்புச்சு. ஆனா கொறை கொறைதானுங்களே. மனுசனுக்குப் பேரு கொஞ்சம் சின்னதா வெச்சிருந்தா, இன்னைக்கு அந்த லேபிள்ல...

என்னங்க, வெரலை மடக்கி என்ன எண்ணறீங்க?

நாச்சிமுத்து பத்து எழுத்தா? இங்கிலீஸ்லயா? சரி.

மரகதமும் பத்தா?

நல்லா எண்ணுனீங்களா? திரும்ப எண்ணுங்க. ம்... ஹெச்சை விட்டுட்டீங்க பாருங்க. விடலையா?

சரி தம்பி, இருக்கட்டும். எனக்கு இனிசியல் ஒண்ணு இருக்குதில்லைங்க.